மும்பையிலிருந்து புகாரே வருவதில்லை

கோயம்புத்தூரில் ஹோட்டல் சமையலறைச் சாமான்கள் செய்யும் ஒரு சிறிய ஆலையில் வேலை பார்க்கிறேன். வடிவமைப்பு, தரம், யாராவது கோபமாக ஃபோன் செய்தால் பதில் சொல்வது, மூன்றும் என் மேஜைக்குத்தான் வரும். எங்களிடம் அதிகம் விற்பது இட்லி ஸ்டீமர். இடுப்பு உயரத்துக்கு ஓர் எவர்சில்வர் பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் கேஸ் அடுப்பு, அதன்மேல் தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேலே அடுக்கடுக்காக இட்லித் தட்டுகள், முன்னால் ஒரு கதவு.

இந்த ஜூலையில் நாசிக்கிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் ஃபோனில் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார். முதல் ஸ்டீமரை மும்பை மாட்டுங்காவில் எங்கள் டீலரிடம் வாங்கியிருக்கிறார். நாசிக் கிளைக்கு இரண்டாவதை நேராக எங்களிடமே வாங்கினார். "பழைய மாடலைத் தள்ளிவிட்டு ஏமாத்திட்டீங்க" என்பது அவர் குற்றச்சாட்டு. மும்பையில் வாங்கியதில் உள்ளே கூரை சரிவாக இருக்கிறதாம். நாங்கள் அனுப்பியதில் தட்டையாக இருக்கிறதாம். தட்டைக் கூரையில் நீராவி குளிர்ந்து, மேல்தட்டு இட்லிகள்மீது சொட்டி, அவை ஊறிப்போகின்றனவாம்.

சரிவான கூரை வைத்து நாங்கள் ஒரு பெட்டிகூடச் செய்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேல்தட்டு இட்லி ஊறுகிறது என்று புனேயிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வருடக்கணக்காகப் புகார் வருகிறது. அதற்கு நாங்கள் ஒரு பதில் தயாராக வைத்திருந்தோம்: "மும்பையில் இதே ஸ்டீமர்தான் ஓடுகிறது, ஒரு புகார்கூட வந்ததில்லை. நீங்கள் தீயைச் சரியாக வைப்பதில்லை." புகாரே வராத டீலர் என்று மாட்டுங்காக்காரருக்கு வருடா வருடம் கேடயம் வேறு கொடுத்தோம்.

பெரிய முதலாளி காலமான பிறகு ஆலையைப் பார்த்துக்கொள்பவர் அவர் மகன். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். "நம்ம பேர் போட்ட பெட்டியக் கிழிச்சு ஒட்டறாங்கன்னா ஏஜென்சிய எடுத்துறலாங்க. போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். அப்படித்தான் கொட்டும் மழையில் மூன்று நாள் மும்பை போனேன். கோட்டை, கடற்கரை, கேட்வே எதுவும் பார்க்கவில்லை. டீலரையும் பட்டறையையும் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவலாம். மற்றவர்கள் காபி பற்றிய பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கோவையிலிருந்து காலை விமானம், போக மட்டும் 5,840 ரூபாய். ரயிலில் போனால் ஒன்றரை நாள் ஆகும், முதுகு சம்மதிக்கவில்லை. விமான நிலையத்திலிருந்து மாட்டுங்கா கிழக்கு சுமார் 12 கிலோமீட்டர். டாக்சிக்கு 390 ரூபாய் ஆனது, மழையால் ஒரு மணி நேரம் பிடித்தது. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சயானுக்குத் தெற்கே ஆட்டோ கிடையாது, மாட்டுங்காவில் டாக்சிதான். நான் இது தெரியாமல் தெருவோரம் நின்று ஆட்டோவைத் தேடினேன். இளநீர் விற்றவர் தமிழிலேயே சிரித்தார்.

தங்கியது கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு லாட்ஜ். இரவுக்கு 2,200. அறை சுத்தம், ஜன்னல் திறக்காது. காபி 40 ரூபாய், டவரா டம்ளரில், சூடு குறையாமல் வந்தது. கோயம்புத்தூர்க்காரி இதற்கு மேல் புகழ்ந்தால் ஊரில் சேர்க்கமாட்டார்கள்.

எங்கள் டீலர் நாராயணனுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பூர்வீகம் பாலக்காடு, பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா. ஒரு பெரிய கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்துவிட்டு, ஓய்வுக்கு முன்னாலேயே வெளியே வந்து கடை போட்டவர். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது கடை. மழையிலும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. சுவரில் எங்கள் கேடயங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. அவற்றின்மேல் தூசு இல்லை.

நாசிக் சங்கதியைச் சொன்னேன். "சரிவா? அப்படி ஒண்ணும் இல்லையே மேடம். அவர் வேற ஏதோ கம்பெனி பெட்டியப் பாத்துட்டு கன்ஃப்யூஸ் பண்ணிண்டிருப்பார்" என்றார். சொல்லிவிட்டு மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

"சரிங்க சார். போன வாரம் அனுப்பின ரெண்டு பெட்டியைப் பாத்துட்டுப் போயிடறேன். குடோன்ல இருக்குமுங்களே?"

இல்லை. இன்னும் எந்த ஹோட்டலுக்கும் கொடுக்கவில்லையாம், குடோனிலும் இல்லையாம். கொஞ்ச நேரம் அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வேலைக்குப் போயிருக்கு மேடம். தாராவிக்கு."

முதல் பெட்டி விற்றபோதே சொட்டும் பிரச்சினை வந்துவிட்டதாம். காரணம் அவருக்கே தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் ஓர் ஈடு வெந்ததும் இட்லியை வெளியே எடுத்துவிடுவார்கள். மும்பைக் கேன்டீனில் ஒவ்வொரு லோக்கல் ரயிலுக்கும் ஒரு கும்பல் இறங்கும். அதனால் தீயைச் சிறிதாக்கி, இட்லியைப் பெட்டிக்குள்ளேயே சூடாக வைத்து, கேட்கக் கேட்க எடுத்துக் கொடுக்கிறார்கள். அப்படி வைத்தால் கூரையில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். நாராயணன் தாராவியில் ஒரு பட்டறைக்காரரைப் பிடித்து, உள்ளே ஒரு சரிவுத் தகடு வைக்கச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து மும்பை வரும் ஒவ்வொரு பெட்டியும் தாராவி போய்விட்டுத்தான் வாடிக்கையாளரிடம் போகிறது. செலவு அவருடைய கமிஷனிலிருந்து.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

அவர் முகத்தில் நிஜமாகவே அதிர்ச்சி. "எப்படிச் சொல்றது? டீலர்னா மாப்பிள்ளை மாதிரி. மாமனார் ஆத்துச் சாப்பாட்டுல உப்பு இல்லேன்னு மாப்பிள்ளை சொல்லுவானோ? பேசாம இலையில கொஞ்சம் உப்பப் போட்டுண்டு சாப்பிட்டுட்டு, பேஷா இருக்குன்னுதான் சொல்லணும். பெரியவர் எவ்வளவு மரியாதையா ஏஜென்சி குடுத்தார்!"

அந்த மரியாதையால் புனேக்காரரும் ஹைதராபாத்காரரும் இத்தனை வருடம் ஊறிய இட்லி சாப்பிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

பகல் இரண்டு மணிக்கு தாராவிக்குப் புறப்பட்டோம். தூரம் மூன்று கிலோமீட்டர்தான். டாக்சிக்காரர் தொண்ணூறடி ரோடு முனையிலேயே நிறுத்தி, "அந்தர் நஹி ஜாயேகா" என்றார். உள்ளே வண்டி போகாதாம். இந்தி தெரியாத எனக்கே புரியும்படி கையை விரித்தார். 80 ரூபாய் கொடுத்து இறங்கி, நாராயணன் குடை பிடிக்க, கல்லி என்று அவர்கள் சொல்லும் சந்துக்குள் நடந்தோம். காலணி பற்றி ஒரு யோசனை: தோல் செருப்பு வேண்டாம், ரப்பர் போதும். கதவுகளில் சர்வே எண்கள் எழுதியிருந்தன. எப்போது இடிப்பார்கள், எங்கே மாற்றிடம் தருவார்கள் என்று தெருவெல்லாம் ஒரே பேச்சு. நான் போனது அதற்காக அல்ல என்பதால் அதைப் பற்றி எழுதவில்லை.

பட்டறைக்காரர் பெயர் ஜெபராஜ். திருநெல்வேலிப் பக்கம். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் கனமான சங்கிலி, குரல் அதைவிடக் கனம். கீழே தகடு வெட்டும் அறை, ஏணி ஏறினால் வெல்டிங். நான் யார் என்று தெரிந்ததும் அவர் செய்த முதல் காரியம், தரையில் கிடந்த இரண்டு பெட்டிகள்மீதும் தார்ப்பாயை இழுத்து மூடியது. இரண்டிலும் எங்கள் கம்பெனிப் பெயர் இருந்தது.

"டீ குடிங்க மேடம். இதப் பாக்கணும்னா மட்டும் முடியாது, பாத்துக்கிடுங்க."

"இது எங்க பெட்டிங்க."

"பெட்டி ஒங்களுது. உள்ள இருக்க சரிவு என்னுது."

நாராயணன் சங்கடப்பட்டு, "ஜெபராஜ், மேடம் கோயம்புத்தூர்லேருந்து வந்திருக்கா" என்றார்.

"அதான் சார் பயம். உள்ளூர்க்காரன்னா பாத்துட்டு மறந்துருவான்." ஜெபராஜ் என் பக்கம் திரும்பினார். "நான் ஒளிச்சுப் பேச மாட்டேன் மேடம். இன்னிக்கி நீங்க இத போட்டோ எடுத்துட்டுப் போவிய. நாளைக்கி ஒங்க ஃபேக்டரியிலேயே பத்ரா வளைச்சுப் போட்டு அனுப்பிருவிய. அப்புறம் எனக்கு என்ன சோலி? இந்தக் காம் எனக்குப் பாதிப் பொழப்பு. இத நம்பித்தான் மேல ஒரு ரூம் எடுத்தேன், நாலு பேரு வச்சிருக்கேன். சொல்லுங்க, நான் ஏன் காட்டணும்?"

பத்ரா என்றால் தகடு, காம் என்றால் வேலை. மற்றபடி அவர் சொன்னதில் எனக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. மறுத்துச் சொல்லவும் ஒன்றும் இல்லை. கம்பெனி கற்றுக்கொள்வது நல்லதுதான், ஆனால் கற்றுக்கொடுத்தவர் கடையை மூடவேண்டி வந்தால் அவர் எதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்? டீயைக் குடித்தேன். இஞ்சி அதிகம்.

அவரோ காட்டமாட்டேன் என்றாரே தவிர, பேசாமல் இருக்க அவரால் முடியவில்லை. சரிவு எல்லோருக்கும் வருமாம். விஷயம் பின்பக்கம் அவர் போடும் ஒன்பது ஓட்டைகளில் இருக்கிறதாம். "பெட்டி மூச்சு விடணும் மேடம். மூச்சு விடாட்டா வேர்க்கும். எட்டு போட்டா பத்தாது, பத்து போட்டா சூடு நிக்காது. ஒம்பது! மூணு வருசம் போட்டுப் போட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சது." எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை வரவில்லை, ஆனால் மூடிய தார்ப்பாயை வைத்துக்கொண்டு எதைச் சோதிப்பது? அவர் செய்த பெட்டி ஓடும் ஏதாவது ஒரு சமையலறையைப் பார்க்கிறேன் என்றேன். "தாராளமாப் போங்க. செம்பூர்ல பொன்மணிட்டக் கேளுங்க. மனசத் தொறந்து சொல்லுவா, எப்படின்னு" என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கிளம்பினேன். சயான் ஸ்டேஷனில் ஏறி, குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைன் மாறினால் அடுத்தது திலக் நகர், அதற்கடுத்தது செம்பூர். இரண்டாம் வகுப்பு 5 ரூபாய். குர்லாவில் பிளாட்ஃபாரம் மாறும் பாலத்தில் கூட்டம் உங்களைத் தூக்கிக்கொண்டே போகும். எதிர்த்து நிற்காதீர்கள், போகிற திசை சரியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் பெட்டியில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் கீரை ஆய்ந்துகொண்டே வந்தார்.

பொன்மணியின் கேன்டீன் செம்பூர் ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிட நடை. வீடு மான்குர்தில், விடியுமுன்னே வந்து அடுப்பு பற்றவைத்துவிடுவாராம். நான்கு மேஜை, நின்று சாப்பிட ஒரு பலகை, வாசலில் கலையாத கும்பல். இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, 75 ரூபாய். இட்லி நன்றாக இருந்தது. மேல்தட்டு இட்லியாகவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், ஊறல் இல்லை.

ஒன்பதரைக்குக் கூட்டம் குறைந்ததும், நான் யார் என்று சொல்லி, ஸ்டீமரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. பெட்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தேன். எங்கள் ஆலை வைத்த ஆவி போக்கி அடைப்பில்லாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது. அதற்குக் கீழே ஜெபராஜின் ஒன்பது ஓட்டைகளையும் தேடினேன். ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. ஒன்பதிலும் சப்பாத்தி மாவை உருட்டி வைத்து அடைத்திருந்தார்கள்.

"இது என்னங்க?"

பொன்மணி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அதுவா? ஓட்டை வழியா ஆவி பூரா போயிருதுக்கா. கேஸ் தங்கவே மாட்டேங்குது. சிலிண்டர் என்ன விலை விக்கி! அதான் காலைல வந்ததும் ஆட்டா கொஞ்சம் பிசைஞ்சு அடைச்சிருவேன். ராத்திரி கழுவையில எடுத்துருவேன்."

"அடைச்சா இட்லி ஊறலையா?"

"எங்கன ஊறும்? தண்ணிதான் சரிவுல வழிஞ்சு பின்னால போயிருதுல்லா?"

பெரிய வித்தைக்காரரின் ஒன்பது ஓட்டைக்கும் சப்பாத்தி மாவு! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேறு குறை உண்டா என்று கேட்டேன். பேசத் தொடங்கினார். சரிவுத் தகட்டுக்குப் பின்னால் கை போகாது, மாவுப் பிசுக்கு படிந்து வாடை வரும், கம்பியில் துணி சுற்றிக் குடைந்து எடுக்க வேண்டியிருக்கிறது. தகடு கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தால் கையெடுத்துக் கும்பிடுவார்.

"ஜெபராஜ்கிட்டச் சொல்லலையா?"

"ஐயோ! அண்ணாச்சி எவ்வளவு அக்கறையாச் செஞ்சு குடுத்தாவ. அவியள்ட்டப் போய் நொட்டை சொல்லவா? ஒவ்வொரு தடவை ஃபோன் பண்ணும்போதும் நல்லாருக்கு அண்ணாச்சின்னுதான் சொல்லுவேன்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். பெட்டி வாங்கியதிலிருந்து, இரண்டு வருடமாக. மாட்டுங்கா மாப்பிள்ளை எங்களிடம் சொல்லவில்லை. செம்பூர்த் தங்கை தாராவி அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. எல்லோரும் அவரவர் இலையில் உப்புப் போட்டுக்கொண்டு பேஷ் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாவு அடைத்த ஓட்டைகளைப் படம் எடுத்துக்கொள்ளவா, ஜெபராஜிடம் காட்டவா என்று கேட்டேன். ரொம்ப யோசித்து, "நான் கோவமாச் சொல்லலன்னு சொல்லிருங்க" என்று அனுமதித்தார்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பவும் தாராவி. நாராயணனும் வந்திருந்தார். ஜெபராஜ் ஃபோனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கி, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை ஒவ்வோர் ஓட்டையாகப் பார்த்தார். முதலில் கோபம். "இது ஆட்டாவா? ரெண்டு வருசமாவா? நேத்து முந்தாநாள்கூடப் பேசினேன். நல்லாருக்குன்னு சொன்னாளே!" பிறகு ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். 

"சூடு நிக்காதுன்னு எனக்கே ஒரு டவுட்டு இருந்துச்சு மேடம். யாரும் சொல்லலையா, சரி நாம போட்டது ரைட்டுன்னு இருந்துட்டேன்."

"நாங்களும் அப்படித்தானுங்க இருந்தோம்" என்றேன். நாராயணன் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டை இல்லாமல் வேலை நடக்கிறது என்றால் சரிவு ஒன்றே போதும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். ஆவி போக்கி ஏற்கெனவே இருப்பதால் பெட்டிக்குக் கூடுதல் மூச்சு தேவையில்லை. மீதி இருப்பது கழற்றி மாட்டுவது. அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. திருகாணி போட்டால் சமையல்காரர் தொலைத்துவிடுவார், கீல் வைத்தால் பிசுக்கு ஏறும். ஜெபராஜ் தார்ப்பாயை உதறித் தள்ளினார். ஒரு தகட்டை எடுத்து, மடக்கி, இரண்டு பக்கமும் கொக்கி மாதிரி வளைத்து, பெட்டிக்குள் தொங்கவிட்டு, எடுத்து, இன்னும் கொஞ்சம் வளைத்து, திரும்பத் தொங்கவிட்டார். பொன்மணியின் கை எவ்வளவு தூரம் போகும் என்று என் கையை உள்ளே விடச் சொல்லிப் பார்த்தார். நான் கொக்கியை முன்பக்கம் மாற்றச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளாமல், பிறகு மாற்றினார். மூன்றாவது தகடு சரியாக உட்கார்ந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தார்ப்பாய் மூலையில் கிடந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தேன்.

"பாத்தாச்சுல்லா" என்றார். ஒரு பெருமூச்சு. "அளந்துக்கிடுங்க மேடம். ஒங்க முதலாளி என்னக் கூப்பிட்டுப் பேசட்டும். பேசுவாவல்லா?"

பேசுவார் என்றேன். அளந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அவரே தகட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சின்ன வெல்டிங் மெஷினையும் தூக்கிக்கொண்டு செம்பூர் வந்தார். பொன்மணி அவரைப் பார்த்ததும் உள்ளே போய் ஒளியப் பார்த்தார். "ஏம்மா, அண்ணாச்சிட்டச் சொல்லப்படாதா? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?" என்றபடி பழைய தகட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார். பழைய ஓட்டைகளை அவர் கையாலேயே அடைத்தார், இந்தத் தடவை வெல்டிங்கில். ஈடு வெந்தது, தீயைக் குறைத்து ஒரு மணி நேரம் வைத்தோம். மேல்தட்டு சொட்டவில்லை. பொன்மணி தகட்டைக் கழற்றி, குழாயடியில் தட்டுபோலக் கழுவி, திரும்ப மாட்டினார். பிறகு ஜெபராஜின் இலையில் இன்னும் இரண்டு இட்லி வைத்தார்.

மாலை விமான நிலையத்தில் முதலாளி கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். ஏஜென்சியை எடுக்கும் பேச்சை அவரே விட்டுவிட்டார், மனிதர் உற்சாகமாகிவிட்டார். "அளவெல்லாம் எடுத்துட்டீங்களா? சூப்பருங்க. அடுத்த லாட்லிருந்து நாமளே போட்டுறலாம். அந்தப் பட்டறைக்காரருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிருங்க."

எனக்குச் சுருக்கென்றது. பேசுவாவல்லா என்று கேட்டவரிடம் பேசுவார் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.

விமானத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். சரிவு, கொக்கி, ஓட்டை தேவையில்லை என்பது, சப்பாத்தி மாவு எல்லாம் எழுதினேன். படம் வரைந்தேன். படத்தில் அளவுகள் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் "தாராவியில் ஜெபராஜிடம் கேட்கவும்" என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்கதானுங்க அளந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்ப உங்ககிட்ட இருக்குமே?"

"இருக்குங்க. நீங்க பேசுவீங்கன்னு நம்பித்தான் அவர் அளக்க விட்டார். பேசி முடிங்க, எழுதிடறேன்."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் என் வாய் நிற்கவில்லை. "அளவை எடுத்துக்கிட்டு அவரை விட்டுட்டா நமக்கு ஒரு கூரை கிடைக்குமுங்க. அவர் நம்மகூட இருந்தா அடுத்த கோளாறு நமக்கு முதல்ல தெரியும். சப்பாத்தி மாவு வெச்சு அடைச்சதை நாம இங்க உக்காந்து எந்தக் காலத்துல கண்டுபிடிச்சிருப்போம்?"

"போயி வேலையைப் பாருங்க" என்றார். நான்கு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் ஜெபராஜின் எண்ணைக் கேட்டு வாங்கினார்.

இப்போது மும்பைக்குப் போகும் பெட்டிகள் உள்கூரை இல்லாமல் போகின்றன. அதை ஜெபராஜ் பொருத்துகிறார், கூலியை நாங்கள் கொடுக்கிறோம். மற்ற ஊர்ப் பெட்டிகளுக்கு அவருடைய சரிவை ஆலையிலேயே வைக்கிறோம், அதற்கும் அவருக்கு ஒரு தொகை உண்டு. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. ஜெபராஜிடம் கேட்டதற்கு, "அதுக்குள்ள ஒங்க பெட்டியில வேற நோக்காடு வராமலா போயிரும்?" என்றார்.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மூன்று நாளுக்கு விமானம், தங்கல், சாப்பாடு, டாக்சி எல்லாம் சேர்த்து எனக்கு 19,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஜூலையில் போவதாக இருந்தால் மாற்றுத் துணி ஒன்று கூடுதலாக எடுங்கள். டீலரிடம் "ஏதாவது குறை உண்டா" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் மரியாதையாகச் சொல்வார். சரக்கு வந்த பிறகு வாடிக்கையாளரிடம் கொடுக்கும் முன் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அவரோடு நிறுத்தாமல், அவருக்கு அடுத்தவர், அதற்கும் அடுத்தவர் என்று சாமானைப் புழங்கும் கைவரை போங்கள். எதையாவது மாவு வைத்து அடைத்திருக்கிறார்களா என்று பின்பக்கம் குனிந்து பாருங்கள். யாராவது தார்ப்பாயை விலக்கினால், அளக்கும் முன் அவருக்கு என்ன கொடுக்கப்போகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் அளந்த பிறகுதான் யோசித்தேன்.

புகாரே வராத டீலருக்குக் கேடயம் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். இதை நாராயணனிடம் ஃபோனில் சொன்னபோது அவருக்கு வருத்தம்தான். "சரி மேடம், சரி" என்று வைத்துவிட்டார். பிறகு பல வாரம் அவரிடமிருந்து சத்தமே இல்லை.

போன வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். குசலம் விசாரித்தார், கோயம்புத்தூரில் மழை உண்டா என்றார், தொண்டையைக் கனைத்தார்.

"சொல்லலாமோ, சொல்லப்படாதோ தெரியலை. புதுப் பெட்டியோட கதவு ரப்பர் ரெண்டு இடத்துல பிச்சுண்டு வர்றது மேடம். ஜெபராஜ் போய்ப் பாத்துண்டிருக்கார்." கொஞ்சம் நிறுத்தினார். "உப்பு கொஞ்சம் கொறச்சல்."

அன்று சாயங்காலம் ஆலையில் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று முதலாளிதான் முதலில் கேட்டார். மும்பையிலிருந்து புகார் வந்திருக்கிறது என்றேன்.